பவர் பிஐ கோப்போடு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இணைத்தல்: வன்னிக் கணக்காளருக்கு ஒரு வழிகாட்டி

பரந்தனிலோ மாங்குளத்திலோ ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். நெல் கொள்வனவும் அரிசி விற்பனையும் வருடக்கணக்காக எக்செலில் குவிந்து கிடக்கின்றன. அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து வந்த ஒருவர் அவற்றை, தரவை அலசி வரைபடமாகக் காட்டும் மைக்ரோசொப்ட்டின் பவர் பிஐ மென்பொருளில் ஏற்றி, வரைபடங்களும் போட்டுக் கொடுக்கிறார். முதலாளிக்கு மகிழ்ச்சி. அடுத்த கிழமையே கேள்வி வருகிறது: "தம்பி, முத்தையன்கட்டுக் குளத்துக் கீழ் நெல்லை மட்டும் பிரித்துக் காட்டுவீரோ?" அதற்கொரு வரைபடம். பிறகு, "அதில் ஈர நெல் எவ்வளவு?" அதற்கு இன்னொன்று. கேள்விக்கு ஒரு வரைபடம் என்று போனால் தம்பிக்கு வேறு வேலை ஓடாது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் கைகொடுக்கிறது. கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்க, நீங்கள் தமிழில் கேட்க, அது கோப்புக்குள் போய்க் கணக்கிட்டு வந்து சொல்லும். இணைக்கும் வேலை ஒரு தேநீர் நேரத்தில் முடிந்துவிடும். இணைப்பதற்கு முன் கோப்பைத் திருத்தும் வேலைக்குத்தான் நாள்கள் தேவை. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

உள்ளே நடப்பது என்ன?

பவர் பிஐ டெஸ்க்டொப்பில் ஒரு கோப்பைத் திறந்தால், பின்னணியில் அனலிசிஸ் சேர்விசஸ் என்ற கணக்கீட்டு இயந்திரம் ஒன்றும் உங்கள் கணினியில் ஓடத் தொடங்குகிறது. அட்டவணைகள், அவற்றுக்கிடையிலான தொடர்புகள், மெஷர் எனப்படும் கணக்கீட்டு வாய்பாடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தரவு மாதிரி. அதை அந்த இயந்திரம்தான் தாங்கி நிற்கிறது. வெளி மென்பொருள்கள் அதன் வாசலைத் தட்டிக் கேள்வி கேட்கலாம். டாக்ஸ் ஸ்டூடியோ, டபியூலர் எடிட்டர் போன்ற கருவிகள் இதைப் பல வருடங்களாகச் செய்து வருகின்றன.

உதவியாளரும் அதே வாசலால்தான் போகிறது. ஆனால் அதற்கு ஓர் இடைத்தரகர் வேண்டும். அந்தத் தரகருக்கான பொது விதிமுறைதான் எம்.சி.பி. (மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டகோல்). அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அதை எல்லோருக்கும் திறந்து வெளியிட்டது. 2025 நவம்பரில் மைக்ரோசொப்ட் தன் பங்குக்குப் 'பவர் பிஐ மொடலிங் எம்.சி.பி.' என்ற வழங்கியை முன்னோட்டமாக வெளியிட்டது. அது உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு சிறு நிரலி. நீங்கள் கேட்ட கேள்வியை உதவியாளர் டாக்ஸ் எனப்படும் பவர் பிஐயின் வாய்பாட்டு மொழியில் எழுதும். வழங்கி அதை இயந்திரத்திடம் கொடுக்கும். இயந்திரம் கூட்டிக் கழித்துத் திருப்பித் தரும்.

கூட்டுவது இயந்திரம் என்பதை மனதில் வையுங்கள். இலக்கங்களை உதவியாளர் தன் தலையில் கூட்டுவதில்லை; எதைக் கூட்ட வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஆகவே பிழை வந்தால் பெரும்பாலும் கூட்டலில் வராது, தெரிவில்தான் வரும். தவறான நிரலை, அதாவது அட்டவணையின் தவறான நெடுவரிசையைக் கூட்டியிருக்கும், அல்லது தவறான காலத்தை வெட்டியிருக்கும்.

தேவையானவை

விண்டோஸ் கணினி கட்டாயம். பவர் பிஐ டெஸ்க்டொப் வேறெதிலும் ஓடாது. அது இலவசம். 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியில் ஓடும், ஆனால் இழுபடும். விஷுவல் ஸ்டூடியோ கோட் மென்பொருளும் இலவசம். அதற்குள் கிட்ஹப் கொபைலட் உதவியாளரை ஒரு கணக்குத் திறந்து இலவச அளவில் தொடங்கலாம். அந்த்ரோபிக்கின் உதவியாளரான குளோட் டெஸ்க்டொப் வைத்திருப்போர் அதையே பயன்படுத்தலாம்.

டொங்கிளில் காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பவர் பிஐ மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. மைக்ரோசொப்ட் ஸ்டோர் வழியாக நிறுவினால் அது தானாகவே புதுப்பிப்பை இழுத்துக்கொள்ளும். நிறுவற் கோப்பை நேரடியாகத் தரவிறக்கி நிறுவினால், எப்போது புதுப்பிப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

இணைப்பதற்கு முன்: மாதிரியைப் பேசப் பழக்குதல்

முதல் வேலை, கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமிப்பது. வெளிக் கருவி ஒன்று மாதிரியில் செய்யும் மாற்றத்தைப் பவர் பிஐயின் 'பின்னோக்கு' பொத்தானால் திருப்ப முடியாமல் போகலாம். பிரதியில் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பு ஒரு பென்டிரைவில் தூங்கட்டும்.

அடுத்தது எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் பாதி பாமினியில் தட்டச்சிட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். பவர் பிஐயும் உதவியாளரும் அந்தக் குப்பையை மட்டுமே பார்க்கும். பெயர், ஊர், நெல்லினம் என்று தமிழில் உள்ள எல்லா நிரல்களையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மாதிரிக்குள் ஏற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. 'கொக்கிளாய்' என்ற பெயரின் முதல் எழுத்தில், கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பவர் பிஐக்குள் தரவை ஏற்றித் திருத்தும் பகுதியான பவர் குவெரியில் அட்டவணைகளை இணைக்கும்போது அவை இரண்டு ஊர்களாகப் பிரிந்துவிடக்கூடும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். புதுக்குடியிருப்பை ஒரே பதிவேட்டில் மூன்று விதமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஊர்களுக்கென்று தனி அட்டவணை ஒன்று வைத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறியீட்டு இலக்கம் கொடுத்து, கொள்வனவு அட்டவணையில் அந்த இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

இனிப் பெயரிடல். 'கொள்1', 'ஷீட்2', 'நிரல்7' என்று இருக்கும் மாதிரியை எந்த உதவியாளராலும் ஒழுங்காக வாசிக்க முடியாது. 'நெல் கொள்வனவு', 'அரிசி விற்பனை', 'கமக்காரர்', 'ஊர்', 'திகதி' என்று முழுப் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர்களைப் பவர் பிஐ மறுப்பதில்லை. தமிழில் கேட்கப்போகிறீர்கள் என்றால் பெயர்களும் தமிழில் இருப்பதே நல்லது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலக்காதீர்கள்.

பெயருக்கு அடுத்து விளக்கம். மாதிரிக் காட்சியில் ஒரு நிரலைச் சொடுக்கினால் பக்கத்தில் பண்புகள் பகுதி திறக்கும். அங்கே விளக்கத்துக்கென்று ஒரு பெட்டி உண்டு. பெரும்பாலான கோப்புகளில் அது வெறுமையாகவே கிடக்கும். உதவியாளர் படிப்பது அதைத்தான். முதலாளிக்கும் எடை போடுகிற அண்ணைக்கும் தெரிந்த, ஆனால் எந்த ஏட்டிலும் எழுதப்படாத விடயங்களை அந்தப் பெட்டியில் இறக்கி வைக்க வேண்டும். மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, போகம். "2025 காலபோகத்தில் எவ்வளவு நெல் வாங்கினோம்?" என்று கேட்டால், விளக்கம் இல்லாத மாதிரியில் உதவியாளர் என்ன செய்யும்? 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லாவற்றையும் கூட்டித் தரும். அதற்குள் சிறுபோக நெல்லும் வந்துவிடும். காலபோகம் ஒரு வருடத்தின் மாரியில் விதைத்து அடுத்த வருடத் தொடக்கத்தில் வெட்டுவது. அதனால்தான் 2024/2025 என்று எழுதுகிறோம். சரி, திகதியை வைத்து வாய்பாடு போட்டுவிடலாம் என்று தோன்றும். அதுவும் சரிவராது. காலபோக நெல்லை வீட்டில் கட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று ஆவணி வரை காத்திருந்து கொண்டுவந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் சிறுபோக வெட்டும் தொடங்கிவிடும். ஆகவே போகம் திகதியிலிருந்து வரக்கூடாது, பற்றுச்சீட்டிலிருந்து வர வேண்டும். பற்றுச்சீட்டு எழுதும்போதே 'போகம்' என்று ஒரு கட்டம் நிரப்பட்டும். மாதிரியில் அந்த நிரலின் விளக்கப் பெட்டியில் இப்படி எழுதுங்கள்: "நெல் விளைந்த போகம். 2024/2025 காலபோகம் என்ற வடிவில் இருக்கும். கொள்வனவுத் திகதியைக் கொண்டு போகத்தைக் கணிக்க வேண்டாம். போகம் பற்றிய கேள்விக்கு இந்த நிரலை மட்டும் பயன்படுத்துக."

இரண்டாவது, ஈரம். அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லும், ஏ9 வீதியோரத்தில் பாய் விரித்துக் காயவைத்த நெல்லும் ஒரே எடையல்ல. 20 சதவீத ஈரத்தில் 1000 கிலோ வாங்கினால், 14 சதவீதத்துக்குக் காயும்போது ஏறத்தாழ 930 கிலோதான் மிஞ்சும். உங்கள் அட்டவணையில் 'எடை' என்றும் 'எடை2' என்றும் இரண்டு நிரல்கள் இருந்தால், உதவியாளர் எதை எடுக்கும் என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. பச்சை எடையை வைத்து அரிசி விளைவு வீதத்தைக் கணக்கிட்டு, "ஆலையின் திறன் குறைந்துவிட்டது" என்று அது சொன்னால் பாவம், இயந்திரத்தை ஓட்டுகிற பொடியன்தான் திட்டு வாங்குவான். 'வாங்கிய எடை கிலோ', 'காய்ந்த எடை கிலோ' என்று பெயரை மாற்றுங்கள். காசு கொடுத்தது முதலாவதற்கு, அரிசி விளைவைக் கணக்கிட வேண்டியது இரண்டாவதைக் கொண்டு என்று விளக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, அலகு. பெரியவர்கள் இன்னும் புசலில் பேசுகிறார்கள். கமக்காரர் மூட்டையில் சொல்கிறார். தராசு கிலோவில் காட்டுகிறது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. மூட்டைக்கு அப்படி ஒரு நிரந்தர எடை கிடையாது. மாதிரிக்குள் கிலோ மட்டும் இருக்கட்டும். மூட்டை எண்ணிக்கை தேவையென்றால் தனி நிரலாக வைத்து, 'எடைக் கணக்குக்கு உதவாது' என்று எழுதிவிடுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கூட்டல்களுக்கு நீங்களே மெஷர் எழுதி வையுங்கள்: மொத்தக் கொள்வனவு, காய்ந்த எடை, அரிசி விளைவு வீதம், ஒரு கிலோவின் சராசரி விலை. சராசரி விலை மிகவும் ஏமாற்றும். விலை நிரலைச் சும்மா சராசரி எடுத்தால் பத்து மூட்டைக்காரரும் நூறு மூட்டைக்காரரும் சமமாகிவிடுவார்கள். மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். இதை மெஷராக எழுதி வைத்துவிட்டால் உதவியாளர் பெரும்பாலும் அதையே எடுத்தாளும். சொந்தமாக வாய்பாடு புனையாது.

இணைக்கும் வேலை

இனிச் சுருக்கமாகப் போகலாம். பவர் பிஐ டெஸ்க்டொப்பில் பிரதிக் கோப்பைத் திறந்து வையுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோட்டில் நீட்சிகள் பகுதிக்குப் போய் 'பவர் பிஐ மொடலிங் எம்.சி.பி.' என்று தேடி, வெளியீட்டாளர் மைக்ரோசொப்ட்தானா என்று பார்த்து நிறுவுங்கள். பிறகு கொபைலட் உரையாடற் பெட்டியைத் திறந்து 'ஏஜென்ட்' நிலைக்கு மாற்றுங்கள். வெறும் கேள்வி நிலையில் அது இந்தக் கருவிகளைத் தொடாமல் போகலாம். கருவிகள் பட்டியலில் இந்த வழங்கிக்கு நேரே சரி அடையாளம் இருக்க வேண்டும். இப்போது, "பவர் பிஐ டெஸ்க்டொப்பில் திறந்திருக்கும் இந்தக் கோப்போடு இணை" என்று கோப்பின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். இணைந்துவிடும்.

குளோட் டெஸ்க்டொப் வழி சற்றுச் சுற்று. நீட்சிக் கோப்பைத் தனியே தரவிறக்கி, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரித்தால் உள்ளே வழங்கியின் இயங்கு கோப்பு கிடைக்கும். குளோட்டின் அமைப்புகளில் 'டெவலப்பர்' பகுதிக்குப் போய், கட்டமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த இயங்கு கோப்பின் முழுப் பாதையையும், தொடங்குவதற்கான கட்டளைச் சொல்லையும் எழுத வேண்டும். பாதையில் வரும் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டு முறை இட வேண்டும். ஒன்று மட்டும் இட்டால் கோப்பே பிழையாகி, எதுவும் நடக்காது. பிறகு குளோட்டை மூடித் திறக்க வேண்டும். சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கினால் அது மூடியதாகாது. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அங்கே வலச் சொடுக்கு இட்டு முற்றாக வெளியேறுங்கள்.

எந்த வழியில் போனாலும், புதியவர்கள் வழங்கியைத் தொடங்கும் கட்டளையோடு 'ரீட்ஒன்லி' என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்போது உதவியாளர் படிக்கும், மாற்றாது. இந்த வழங்கி உண்மையில் மாதிரியை மாற்றுவதற்கென்றே உருவானது. மெஷர் எழுதும், நிரல்களின் பெயர் மாற்றும், விளக்கங்களை மொத்தமாக நிரப்பும். அந்த வசதியைப் பிறகு, கைபழகியதும், பிரதிக் கோப்பில் பயன்படுத்திப் பாருங்கள். அறிக்கைப் பக்கங்களையும் வரைபடங்களையும் மட்டும் அதனால் தொட முடியாது. "ஒரு வரைபடம் போட்டுத் தா" என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

முதற் கேள்விகள்

"மாதிரியில் உள்ள அட்டவணைகளையும் தொடர்புகளையும் பட்டியலிடு" என்பதிலிருந்து தொடங்குங்கள். அது சொல்வதும் உங்கள் மாதிரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, விடை ஏற்கனவே தெரிந்த கேள்விகளை மட்டும் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு மாதத்தை எடுத்து, அந்த மாதக் கொள்வனவைக் கேளுங்கள். பொருந்தினால் ஊர் வாரியாகக் கேளுங்கள். பொருந்தாவிட்டால், "நீ ஓட்டிய டாக்ஸ் கேள்வியைக் காட்டு" என்று கேளுங்கள். டாக்ஸ் தெரியாதவர்களும் அதில் எந்த நிரலின் பெயர் இருக்கிறது, எந்தத் திகதி இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். அதே கேள்வியைப் பவர் பிஐயின் டாக்ஸ் கேள்விக் காட்சியில் ஒட்டி நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம்.

பொருந்தாத ஒவ்வொரு முறையும் உரையாடலில் திருத்திவிட்டுப் போகாதீர்கள். உரையாடல் முடிந்தால் அந்தத் திருத்தமும் போய்விடும். விளக்கப் பெட்டியில் எழுதுங்கள்.

"எவ்வளவு?" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். "ஏன்?" என்று கேட்காதீர்கள். எடுத்துக்காட்டாக, இரண்டு சிறுபோகங்களை ஒப்பிடுகிறீர்கள். இரண்டாவதில் நெல் வரத்துப் பாதி. காரணம் கேட்டால் உதவியாளர் தயங்காமல் ஒன்றைச் சொல்லும்: வாடிக்கையாளர் விலகல், விலைப் போட்டி என்று புத்தகத்தில் உள்ளதெல்லாம் வரும். இரணைமடுக் குளத்தில் அந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் நின்றது, சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு அனுமதி கிடைத்தது என்பது உங்கள் மாதிரியில் இல்லை. இல்லாததை அது அறியாது. அறியாது என்று சொல்லவும் அதற்கு இலகுவில் மனம் வராது. விதைப்பு ஏக்கர் விவரத்தைக் கமநல சேவை நிலையத்திலிருந்து பெற்று ஒரு சிறு அட்டவணையாகச் சேர்க்க முடிந்தால், "ஏக்கருக்கு எவ்வளவு நெல் வந்தது?" என்று உருப்படியாகக் கேட்கலாம்.

வெளியே போகும் தரவு

கோப்பு உங்கள் கணினியில், இயந்திரம் உங்கள் கணினியில், வழங்கியும் உங்கள் கணினியில். இதைப் பார்த்து எதுவும் வெளியே போகவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொபைலட்டும் குளோட்டும் ஓடுவது வெளிநாட்டுக் கணினிகளில். நீங்கள் கேட்ட கேள்வி, அட்டவணைப் பெயர்கள், விடையாக வந்த நிரைகள் எல்லாம் அங்கே போகின்றன. மொத்தக் கிலோ போனால் பெரிய குற்றமில்லை. "அதிகம் நெல் தந்த இருபது கமக்காரரைக் காட்டு" என்றால் இருபது பெயர்கள் போகின்றன. பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் இருந்தால் அவையும் போகக்கூடும்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பெயர்ப் பட்டியல் என்றாலே ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்கும் மண் இது. கமக்காரர் உங்களிடம் இலக்கத்தைத் தந்தது காசு வாங்குவதற்காக.

நிரலை 'மறை' என்று குறித்தால் போதும் என்று நம்பாதீர்கள். மறைத்த நிரலையும் டாக்ஸ் கேள்வியால் எடுக்கலாம். ஆளுக்கேற்ப நிரைகளை வடிகட்டும் பாதுகாப்பு விதிகளும் உங்கள் கணினியில் திறந்திருக்கும் கோப்பில் காவல் நிற்காது. அங்கே நீங்கள்தான் நிர்வாகி. உதவியாளருக்கான பிரதியில் அந்த நிரல்களைப் பவர் குவெரியிலேயே நீக்கி, பெயருக்குப் பதில் கமக்காரர் இலக்கம் ஒன்றை வையுங்கள். இலக்கத்துக்குரிய பெயர் ஆலையின் பதிவேட்டில் இருந்தால் போதும்.

எதுவுமே வெளியே போகக்கூடாது என்றால், எல்.எம். ஸ்டூடியோ போன்ற மென்பொருளில் உதவியாளரையே உங்கள் கணினியில் ஓட்டலாம், அதுவும் எம்.சி.பி. வழங்கிகளோடு பேசும். ஆனால் 16 ஜிபி மடிக்கணினியில் ஓடக்கூடிய சிறிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் டாக்ஸ் எழுதுவதில் தடுமாறுகின்றன. தமிழில் இன்னும் அதிகம் தடுமாறுகின்றன. தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டுப் பெரிய உதவியாளரைப் பயன்படுத்துவதே இன்றைக்கு நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கணிப்பு.

இணையாமல் அடம்பிடித்தால்

பவர் பிஐயில் கோப்பு உண்மையில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பை மூடித் திறந்தால் இயந்திரத்தின் வாசல் இலக்கம் மாறிவிடும். பழைய உரையாடல் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு அடிக்கடி நடப்பது இதுதான். மூலக் கோப்பும் பிரதியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் எதனோடு இணைந்தது என்ற குழப்பம் வரும், மூலத்தை மூடிவிடுங்கள். இணைந்த பின்னும் "தரவு இல்லை" என்று சொன்னால், பிரதிக் கோப்பில் தரவைப் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். எக்செல் கோப்பு வேறு கோப்புறைக்கு மாறியிருந்தால் புதுப்பித்தல் அங்கேயே நின்றிருக்கும். பவர் குவெரியின் மூல அமைப்பில் புதிய பாதையைக் கொடுத்துவிட்டு மீண்டும் புதுப்பியுங்கள்.